முன்வரிசையில் மவுறீன்

ரதீசின் இடது கையில் சுண்டுவிரலும் அதற்கடுத்த இரண்டும் மரத்துப்போய் மூன்று கிழமை ஆகியிருந்தது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. இந்தச் சங்கதி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ரதீஸ். மற்றவர் அவனுடைய கழுத்தின் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த டொக்டர். "இன்னொருக்கா தலை அடிபட விழுந்தால் கையும் போகும், காலும் போகும்" என்று அவர் பச்சையாகவே சொன்னார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டதற்கு வெல்டிங் என்றான் ரதீஸ். அது பொய்யில்லை, பாதிதான் உண்மை.

கிழமை நாட்களில் அவன் எல்மோவின் இரும்புப் பட்டறையில் கேற்றுக்கும் கிறிலுக்கும் ஒட்டு வைப்பவன். சனி, ஞாயிறுகளில் அதே எல்மோவின் மல்யுத்தக் குழுவில் 'கல்லாத்து முதலை'. பச்சைக் காற்சட்டை, முகத்தில் பச்சைச் சாயம். ஊர் பெரியகல்லாறு என்பதால் அந்தப் பெயர். இது யார் வெல்வது, யார் தோற்பது என்று வியாழக்கிழமையே பட்டறையில் தேநீரோடு தீர்மானித்துவிடுகிற மல்யுத்தம். பொய் என்று சொல்லிவிட முடியாது. பலகையில் முதுகு அடிபடுகிற வலி பொய்யில்லை.

தோற்பதில் ரதீசை அடிக்க ஆளில்லை. பதினொரு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். வாகரையில் தோற்றான், கல்குடாவில் தோற்றான், பொத்துவிலில் மழைக்குள் நின்று தோற்றான். அழகாக விழத் தெரிந்தவனை வெல்ல விடுவார்களா? ஆனால் இந்த முறை, மட்டக்களப்பு நகரத்திலேயே முதல் தடவையாக எட்டுப் பேர் மோதும் கிண்ணப் போட்டி வைத்தபோது, எல்மோ தேநீரை வைத்துவிட்டு, "இந்தக் கிண்ணம் ரதீசுக்கு" என்றார். அன்றிரவு ரதீசுக்குச் சோறு இறங்கவில்லை. பெரியகல்லாற்றிலிருந்து இரண்டு வான் பிடித்து ஆட்கள் வருவதாக மறுநாளே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு எக்ஸ்றே படத்தை எவனிடம் காட்டுவது? காட்டினால் எல்மோ அவனை வீட்டில் இருத்திவிடுவார். ஒரே ஒரு தடவை வென்றுவிட்டு விட்டுவிடுகிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டான். மனைவி நிருஷாவிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஆனால் அவன் முட்டாளுமில்லை. ஒரு வழி வைத்திருந்தான்.

இறுதிப் போட்டி அஷ்லியோடு. அஷ்லி எல்மோவின் தங்கை மகன், ஆறடி, இரும்புச் சட்டத்தைத் தனியாகத் தோளில் தூக்குகிறவன். ஆட்டத்தின் உச்சத்தில் அவன் ரதீசைத் தலைகீழாகத் தூக்கி, தொடைகளுக்கு நடுவே தலையை இறுக்கிக்கொண்டு, துள்ளி முழங்காலில் விழவேண்டும். கிணற்றில் வாளி இறங்குவதுபோல் இருப்பதால் எல்மோ அதற்கு 'வாளி' என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தாங்கி எழும்பித்தான் ரதீஸ் வெல்லவேண்டும். தலை பலகையில் படாது. ஆனாலும் அந்த அதிர்ச்சி முழுக்கக் கழுத்தில்தான் இறங்கும். இன்றைக்கு ரதீசுக்கு வாளி ஆகாது. அதற்கு அவன் செய்யவேண்டியது, தூக்குவதற்கு முன் அஷ்லியின் காதுக்குள் ஒரு சொல். 'தோள்' என்று சொன்னால் போதும், வாளியை விட்டுத் தோளில் போட்டுச் சுழற்றுவான். ஏன் என்று கேட்கமாட்டான். ஆட்டத்துக்குள் அப்படித்தான், சொன்னால் செய்வார்கள்.

அந்தச் சொல் பறங்கிப் பாசையில் இருக்கும். அதுதான் எல்மோவின் கெட்டித்தனம். தமிழில் சொன்னால் சனத்துக்கு விளங்கும், இங்கிலீசில் சொன்னால் ஸ்கூல் பிள்ளைகளுக்கு விளங்கும். தன் தாய்வீட்டுப் போர்த்துக்கேயப் பேச்சிலிருந்து அறுபது சொற்களை எடுத்துக் குழுவில் எல்லாருக்கும் பாடமாக்கினார். தலை, கை, தூக்கு, விழு, மெல்ல, இப்போது, வேண்டாம். பதினைந்து வயதில் பட்டறைக்கு வந்த ரதீசுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. "இந்தப் பாசை விளங்குற ஆக்கள விரல் மடிச்சி எண்ணலாம்டா" என்று எல்மோ மார்தட்டுவார்.

உண்மைதான். ஆனால் அந்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் அத்தனை பேரும் இந்த மைதானத்தைச் சுற்றித்தான் குடியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அழைப்பு அட்டை அச்சடித்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்து, முன்வரிசையில் கதிரை போட்டு வைத்தவரும் எல்மோதான். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வதென்றால் இப்படியல்லவா போடவேண்டும்!

வாவிக்கரையோடு கிடந்த ஒடுங்கல் மைதானம். மேடைக் கயிற்றுக்கும் முன்வரிசைக்கும் நடுவே ஒரு ஆள் கை விரித்து நிற்க இடமில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு ஐந்நூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையின் நடுக்கதிரையில் எல்மோவின் மூத்த அக்கா மவுறீன் வந்து அமர்ந்தாள். பூப்போட்ட கவுண், கையில் விசிறி. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்ச்சனத்தின் பேச்சையெல்லாம் இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்குக் கடத்தியவளின் காது இன்னும் கூர்மையாகவே இருந்தது. அவளுக்குப் பக்கத்துக் கதிரை நிருஷாவுக்கு. சாம்பியனாகப் போகிறவனின் மனைவி பின்னால் இருக்கலாமா என்று எல்மோதான் கொண்டுவந்து இருத்தினார்.

முதல் ஆட்டம் அஷ்லிக்கும் மெல்றோய்க்கும். ரதீஸ் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தான். லவுட்ஸ்பீக்கர் பாட்டு அலறியதால் அஷ்லி கொஞ்சம் உரக்கவே சொல்லவேண்டியிருந்தது. "கபேசா!"

"அட, தலை எண்டு சொல்றான்!" மவுறீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்ப தலையப் புடிப்பான் பாருங்க."

அஷ்லி தலையைப் பிடித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறுகா வலக்கைய முறுக்கப் போறானாம்."

முறுக்கினான்.

"மெல்ல எண்டு கெஞ்சிறான் மெல்றோய். பாவம் மனே, நோகுதாக்கும்."

மூன்று வரிசைக்குச் சிரிப்பு ஓடியது. பத்து நிமிடத்துக்குள் மைதானத்தின் பின்கோடி வரைக்கும் ஒருவர் ஒருவராகச் செய்தி கடத்தினார்கள். இரண்டாம் ஆட்டத்தில் மவுறீன் சொல்லச் சொல்ல, சனம் முன்கூட்டியே கத்தியது. "இப்ப விழுவான்! விழு! விழு!" விழவேண்டியவனும் வேறு வழியில்லாமல் விழுந்தான். மூன்றாவதில் ரதீஸ் போய் நின்றான். அவன் வாய் திறக்குமுன்பே ஐந்நூறு பேரும் மவுறீனின் முகத்தைப் பார்த்தார்கள். மேடையை ஒருவரும் பார்க்கவில்லை. எல்மோதான் நடுவர். இரண்டாம் நிமிடமே விசிலை ஊதி, ரதீஸ் வென்றதாகக் கையைத் தூக்கிவிட்டார். ஊளைச் சத்தம் காதைப் பிளந்தது. வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வந்து கயிற்றில் பட்டுத் தெறித்தது.

மவுறீனைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. அவள் வீட்டில்கூட அந்தப் பாசையில் ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை சொல்ல ஆள் கிடையாது. இன்றைக்கு ஐந்நூறு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்மோ ஆள்விட்டு ஐஸ்கிறீம் கொடுத்துப் பார்த்தார். அவள் ஐஸ்கிறீமையும் தின்றுகொண்டே மொழிபெயர்த்தாள்.

நான்காம் ஆட்டம் முடிந்ததும் எல்மோ திரைக்குப் பின்னால் வந்தார். முகம் செம்பு நிறத்தில் இருந்தது.

"அரையிறுதி வேணாம். நேரா பைனலுக்குப் போவம். ரிங்குக்குள்ள ஒருத்தனும் மூச்சுக் காட்டப்படா. வாயத் திறந்தீங்க, அந்த மனிசி எங்கள வித்துப்போடுவா. வியாழக்கிழம பேசினத அப்பிடியே செய்யிங்க." அஷ்லியின் பக்கம் திரும்பினார். "நீ அந்த வாளிய உள்ளதாப் போடு, நடிப்பாப் போடாத. பலகை அதிரோணும். எங்கட மானம் கப்பலேறிக் கிடக்கு. சனம் நம்போணும்டா."

"போடுறன் அங்கிள்" என்றான் அஷ்லி. அவன் தாய்மாமன்கள், மச்சாள்மார், கோயில் ஆட்கள் எல்லாரும் முன்வரிசையில் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் மூக்கறுபட்டவன் வேறு எப்படிப் பேசுவான்?

ரதீஸ் எல்மோவுக்குக் கிட்டப் போனான். இப்போது சொல்ல வேண்டும். இதுதான் இடம், இதுதான் நேரம், தமிழிலேயே சொல்லலாம். வாயையும் திறந்தான். அதற்குள் எல்மோ அவன் முகத்தில் கலைந்திருந்த பச்சைச் சாயத்தைத் தன் பெருவிரலால் சரிப்படுத்தினார்.

"பதினொரு வருசம் மகன். இண்டைக்கு நீ வெல்றாய். அவ்வளவுதான் எனக்கு."

ரதீஸ் வாயை மூடிக்கொண்டான். வேண்டிய நேரத்தில் திறக்காத வாய் எதற்கு என்று அவனைப் பிடித்து உலுக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் பதினொரு வருடம் தோற்றவனுக்குத்தான் அந்தப் பெருவிரலின் அருமை தெரியும்.

பாட்டை நிறுத்திவிட்டார்கள். மேடையில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இருவரும் தலையோடு தலை முட்டிப் பிடித்தார்கள். அஷ்லியின் காது ரதீசின் வாய்க்கு நேரே நான்கு விரற்கடையில் இருந்தது. 'தோள்' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. ஒரு சின்ன முணுமுணுப்பு போதும். ஆனால் மைதானம் சுடலைமாதிரி அமைதியாக இருந்தது, முன்வரிசை கை எட்டும் தூரத்தில் இருந்தது. முணுமுணுத்தாலும் மவுறீனுக்குக் கேட்கும். கேட்டால் வாளி வேண்டாமாம், தோளாம் என்று கூவுவாள், பெரியகல்லாற்றின் இரண்டு வானும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"ஆன்ட்டி, என்ன சொல்றாங்க?" பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஒண்டும் சொல்றாங்க இல்ல மனே. பயந்திட்டாங்க!"

சிரிப்பு வெடித்தது. அஷ்லியின் கழுத்து நரம்பு புடைத்ததை ரதீஸ் கண்டான். அடுத்து வந்த அறை வழக்கமான அறை அல்ல. நெஞ்சில் ஐந்து விரலும் பதிந்தது. ரதீஸ் கயிற்றில் மோதித் திரும்பி வந்தான், இன்னொன்று விழுந்தது. சனம் முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தியது.

"உள்ளதா அடிக்கான்!"

"போடு! இன்னும் போடு!"

அந்தக் குரல்கள் அஷ்லிக்கு வெறியேற்றின. ரதீசின் இடுப்பைப் பிடித்தான். வாளி வரப்போகிறது. ரதீஸ் கயிற்றை இடது கையால் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். மூன்று விரல்களும் சொன்ன சொல் கேட்கவில்லை, கயிறு வழுவிப் போனது. உலகம் தலைகீழாகப் புரண்டது. கால்கள் வானத்தைப் பார்க்க, தலை அஷ்லியின் தொடைகளுக்கு நடுவே தொங்கியது. இறுக்கிய தொடை இரண்டும் இரும்பாக இருந்தன.

ரதீஸ் அவன் காலைக் கிள்ளினான். கிள்ளியபிறகுதான் ஞாபகம் வந்தது, கிள்ளினால் 'நான் தயார், போடு' என்று அர்த்தம். அஷ்லி பிடியை இறுக்கி ஒரு மூச்சு இழுத்தான். துள்ளுவதற்கு முன் எப்போதும் அவன் அப்படித்தான் மூச்சு இழுப்பான்.

தலைகீழாக நிருஷாவைக் கண்டான். அவள் இரண்டு கைகளாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அவன் வெல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பயப்படாமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்தேன் என்று நினைத்தான் ரதீஸ். மானமாவது மண்ணாவது என்று கத்தினான். ஆனால் பதினொரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? மேடைக்குள் வாய் திறந்தால் பறங்கிப் பாசைதான் வந்தது. அறுபது சொற்களில் கழுத்துக்குச் சொல் இல்லை, முறிவுக்குச் சொல் இல்லை. இருந்ததை அள்ளி வீசினான்.

"தலை வேண்டாம்! தலை கெட்டது! கை செத்தது, அஷ்லி, கை செத்தது!"

இழுத்த மூச்சோடு அஷ்லி அப்படியே நின்றான்.

எல்மோவின் வாயிலிருந்து விசில் கழன்று நெஞ்சில் விழுந்தது. அவருக்கும் விளங்கிவிட்டது. முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் கதிரையில் நெளிந்தார்கள். மற்ற அத்தனை பேருக்கும் அது வெறும் சத்தம். ஐந்நூறு தலைகளும் ஒரு பக்கமாகத் திரும்பின.

"என்ன சொன்னான்? ஆன்ட்டி, என்னவாம்?"

மவுறீன் எழுந்து நின்றுவிட்டாள். விசிறி கையிலேயே நின்றது. பக்கத்தில் நிருஷா அவள் கவுணின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, என்ன சொல்றாரு இவரு?"

மவுறீன் குனிந்து அவளைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். பின்னேரம் முழுக்க ஒரு கணமும் தாமதிக்காத வாய் இப்போது திறந்து திறந்து மூடியது. தலைகீழாகத் தொங்கியபடி ரதீஸ் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடாதே என்று அவன் வேண்டிக்கொண்டது அவளுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது.

"தண்ணி கேக்கான்" என்றாள் மவுறீன், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "தண்ணி விடாயாம். நெஞ்சு காயுதாம்!"

அப்படியொரு சிரிப்பு அந்த வாவிக்கரை அதற்கு முன் கேட்டிருக்காது. "முதலைக்குத் தண்ணி விடாயாம்டோ!" என்று யாரோ கூவ, ஆட்கள் கதிரையை விட்டு எழுந்து தொடையைத் தட்டினார்கள். பெரியகல்லாற்று வான்காரர்களும்தான் சிரித்தார்கள். "போடு, போட்டுத் தண்ணி குடு!" என்று மைதானம் தாளம் பிடித்தது. போடு, போடு, போடு.

அஷ்லி துள்ளவுமில்லை, பிடியை விடவுமில்லை. மூன்று வினாடியோ, மூன்று யுகமோ. பிறகு அஷ்லி ஒரு முழங்காலை மடித்தான். மறு முழங்காலையும் மடித்தான். ஒரு கையை ரதீசின் பிடரிக்குக் கீழே கொடுத்து, முட்டைத் தட்டை இறக்குவதுபோல அவ்வளவு பதனமாக, அவனை மல்லாக்கக் கிடத்தினான்.

இதைவிடக் கேவலம் மல்யுத்த மேடையில் இல்லை. சனத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போத்தல் வந்தது, செருப்பு வந்தது, ஒரு பிளாஸ்டிக் கதிரை பறந்து வந்து மூலைக் கம்பத்தில் அடித்து உடைந்தது. அஷ்லி ரதீசுக்கு மேலால் குனிந்து தன் முதுகை மறைப்பாகக் கொடுத்தான். முதுகில் என்னென்னவோ விழுந்தது.

"ஏன்டா சொல்லல்ல?" இப்போது தமிழில்தான் கேட்டான். கண் கலங்கியிருந்தது. "நான் போட்டிருப்பன் மச்சான். விசரன், நான் போட்டிருப்பனே!"

 அஷ்லி அவனுக்குப் பக்கத்தில் தானாகவே மல்லாந்து படுத்தான். ரதீசின் செத்த கையை எடுத்துத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டான்.

"எண்ணுங்க அங்கிள்."

எல்மோ முழந்தாளிட்டுப் பலகையில் மூன்று தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டுக்குக் கை எழும்பவே நேரமெடுத்தது. ரதீஸ் வென்றான். மட்டக்களப்பில் முதல்முதலாக நடந்த கிண்ணப் போட்டியில், ஒரு அடிகூட அடிக்காமல், மல்லாந்து கிடந்தபடி வென்றான். ஒரு கைதட்டல் கிடையாது. கள்ளக் கூட்டம் என்று ஏசிக்கொண்டே சனம் கலைந்தது. வான்காரர்கள் அவனைப் பாராததுபோல் வாசலுக்குப் போனார்கள். கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்மோ கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வானொன்றுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஆயத்தம் பண்ணப் போனார். அஷ்லியும் பின்னால் ஓடினான்.

ரதீஸ் மெல்ல எழுந்து மேடையின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். கால்கள் ஆடின. ஆடுகின்றனவே என்று நெஞ்சு நிறைந்து வந்தது. சனத்தை இடித்துக்கொண்டு நிருஷா ஓடிவந்தாள். எங்கே வாங்கினாளோ, கையில் ஒரு போத்தல் குளிர்தண்ணீர். மூடியைத் திறந்து நீட்டினாள்.

"குடிங்க. விடாயெண்டா முதலே குடிச்சிருக்கலாம்தானே? இவ்வளவு சனத்துக்கு முன்னால கேக்கணுமா?"

வலது கை கயிற்றைப் பிடித்திருந்தது. ரதீஸ் யோசிக்காமல் இடது கையால் வாங்கினான். போத்தல் விரல்களுக்குள் நிற்கவில்லை. நழுவி அவன் தொடையில் பட்டு, அவள் சேலையெல்லாம் நனைத்துக்கொண்டு நிலத்தில் உருண்டது.

நிருஷா அதை எடுக்கவில்லை. அவன் கையையே பார்த்தாள். பிறகு திரும்பி மவுறீனைத் தேடினாள். மவுறீன் காலியான முன்வரிசையில் தனியாக, முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

"அவ தண்ணி எண்டு சொன்னது பொய்தானே?"

ரதீஸ் இடது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எத்தின நாளா?"

"மூண்டு கிழம."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் இடது கையை எடுத்து மேடைப் பலகையில் மெத்தெனக் கிடத்தி, சுண்டுவிரலை நகத்தால் அழுத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்ல."

நடுவிரல். "இது?"

"இல்ல நிருஷா."

அவள் முகம் ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் ஒடுங்கிக்கொண்டே போனது. அந்த முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இனி ஒரு 'இல்ல'வை அது தாங்காது என்று தோன்றியது.

"இது?" என்றாள்.

"ஓம்" என்றான் ரதீஸ் சட்டென்று, அவள் கண்களையே பார்த்து. "இது நல்லாத் தெரியுது. அமத்திறாய்தானே, தெரியுது."

நிருஷா கண்ணைத் தாழ்த்தினாள். அவனும் குனிந்து பார்த்தான். பலகையில் அவன் கை தனியே கிடந்தது. அவளுடைய இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.